காது கேளாதது கர்மபலனா?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களிலே துறைமுகத்திலும் ஆலையிலும் கடலிலும் பாடுபட்டுப் பிழைக்கும் குடும்பங்களில், ஒரு குழந்தை காது கேளாமல் பிறந்துவிட்டால் என்ன சொல்லப்படுகிறது? "பூர்வஜென்ம பாவம்" என்கிறான் ஜோசியன். "நேர்ந்துகொள்ளுங்கள், வாய் திறக்கும்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இப்படியே கோயில் கோயிலாக அலைவதில் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. தொண்டையில் யாதொரு பழுதுமில்லாத குழந்தைக்கு "ஊமை" என்று பெயரும் வந்துவிடுகிறது.

உண்மை என்ன? உட்காதிலே நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள்தான் சப்தத்தை நரம்பிடம் ஒப்படைக்கின்றன. அவை கெட்டால் காது கேளாது. ஆனால் பெரும்பாலும் நரம்பு உயிரோடேயே இருக்கும். அந்த நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டுவதுதான் காதுக்குள் வைக்கும் கருவியின் வேலை. காதின் பின்னே மாட்டிய பெட்டி சப்தத்தை வாங்கி அனுப்ப, தோலுக்கடியில் வைத்த கருவி நூல்போன்ற கம்பி வழியாக நரம்பைத் தூண்டுகிறது. 1957-ல் பாரிஸில் இரு டாக்டர்கள் ஒரு செவிடரின் நரம்பை இவ்விதம் தூண்டிச் சப்தத்தை உணரச் செய்தார்கள். 1978-ல் மெல்போர்னில் கிரேயம் கிளார்க் என்பவர் பல மின்முனைகள் உள்ள கருவியைப் பொருத்தினார். அவருடைய தகப்பனாரும் காது மந்தமானவரே.

நாம் கேட்கிறோம்: செவிடு என்பது கடவுள் விதித்த தண்டனை என்றால், நூல் பருமனுள்ள ஒரு கம்பி அத்தண்டனையை ரத்து செய்வதெப்படி? ஒன்று, கடவுள் தீர்ப்பைவிட டாக்டர் கத்தி பெரிதாயிருக்க வேண்டும்; அல்லது அப்படியொரு தீர்ப்பே இல்லாதிருக்க வேண்டும். இரண்டில் எது என்பதை ஜோசியரே சொல்லட்டும்.

இதில் அவசரமுமிருக்கிறது. மூளை பேச்சைக் கற்கும் பருவம் முதல் சில வருஷங்களே. அதனால்தான் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு 6 வயதுக்குள் இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பிரார்த்தனையிலே அந்த வயது கழிந்துவிட்டால், போன காலத்தை எந்தச் சாமி திருப்பித் தரும்?

மற்றொன்று: தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் பிறவிச் செவிட்டை அதிகப்படுத்துகிறது. ஜாதியும் சொத்தும் வெளியே போகக்கூடாதென்ற ஆசைக்குக் குழந்தையின் காதையா விலை கொடுப்பது?

கருவி வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. கேட்கவும் பேசவும் மாதக்கணக்காய்ப் பயிற்சி வேண்டும். அதற்காக நாள்தோறும் தாய் கூலியை இழக்க வேண்டுமென்றால் ஏழைக்கு அது எப்படிச் சாத்தியமாகும்? பயிற்சியும் கருவிப் பழுதுபார்ப்பும் வீட்டருகே வேண்டுமென்று சர்க்காரைக் கேட்பது பிச்சையல்ல, உரிமையாகும்.

ஆகவே தோழர்களே! கூப்பிட்டுக் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லையென்றால், உண்டியலில் போடவிருக்கும் காசைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைச் சோதியுங்கள். நேர்த்திக்கடன் காத்திருக்கும், குழந்தையின் வயது காத்திராது.