குட்டி தூங்கவில்லை, துவள்கிறது

வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு விஷயம் தெரிந்திருக்கும். தாத்தா மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்துபோனார், உடம்பு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. "சுகர் இறங்கிடுச்சு, சர்க்கரையை எடு" என்று ஒருவர் குரல் கொடுக்க, இன்னொருவர் அடுப்படிக்கு ஓடுவார். அதே வீட்டில் நேற்று வாங்கி வந்த ஷி சூ குட்டி கூடத்து மூலையில் துவண்டு கிடந்தால், "பாவம், புது இடம், நல்லா தூங்குது, எழுப்பாதே" என்கிறோம். பல குட்டிகள் இப்படித்தான் போய்விடுகின்றன. போயிருக்கவே வேண்டாத உயிர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'டாய் பிரீட்' என்று சொல்லப்படும் சிற்றின நாய்களின் குட்டிகளுக்கு, தாத்தாவுக்கு வந்ததைப் போலவே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் இந்த ஆபத்து அதிகம். சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், டாய் பூடில், பொமரேனியன், ஷி சூ எல்லாம் இதில் வரும். முழுதாக வளர்ந்த சிவாவாவே 2.7 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க கென்னல் கிளப்பின் வரையறை. அப்படியானால் இரண்டு மாதக் குட்டியின் எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சமாளித்துவிடும். கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் கரைந்து சர்க்கரையாகும். அது தீர்ந்தால் தசையிலிருந்து எடுத்துக் கல்லீரலே புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். குட்டிக்குக் கல்லீரல் முதிரவில்லை, தசை இல்லை, கொழுப்பும் இல்லை. ஆனால் உடம்பின் அளவுக்கு மூளை பெரியது. அந்த மூளைக்கு நிமிடம் தவறாமல் குளுக்கோஸ் வேண்டும். போதாக்குறைக்கு, உடம்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகச் சூடு வெளியேறும். அந்தச் சூட்டைக் காப்பாற்றவும் சர்க்கரைதான் எரிகிறது. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே கையிருப்பு காலி.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு பொமரேனியன் குட்டி வந்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண் படியில் என்னைப் பார்த்து, "அண்ணா, இது நடந்தா குடிச்சவன் மாதிரி தள்ளாடுது, பசங்க பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாங்க" என்றார். மேலே போய்ப் பார்த்தபோது சிரிக்கும் நிலையில் அது இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. உதட்டை விலக்கித் தொட்டால் ஈறு வெளுத்து, சில்லென்று இருந்தது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் பால் குடித்ததுதான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லையாம். குளுக்கோஸ் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து ஈறில் தடவினோம், துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம். சிறிது நேரத்தில் நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. அதோடு விட்டுவிடாமல் ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

அடையாளங்கள் பெரும்பாலும் படிப்படியாக வரும். முதலில் விளையாட்டு நின்றுவிடும், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும். பிறகு பின்னங்கால் தள்ளாடும், உடம்பு நடுங்கும். அதையும் கவனிக்காவிட்டால் வலிப்பு, அதன் பின் நினைவிழப்பு. நாயின் ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 60-க்குக் கீழே போனால் குறைவு. 40-ஐ நெருங்கினால் வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். நன்றாகத் தூங்கும் குட்டியைத் தூக்கினால் சிணுங்கும், முறுக்கும், கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கும். துவண்ட குட்டி, வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கும். சந்தேகம் வந்தால் எழுப்பிப் பார்த்துவிடுங்கள். தூக்கம் கெட்டதற்காக எந்தக் குட்டியும் செத்ததில்லை.

தேன், குளுக்கோஸ், சர்க்கரைப் பாகு, எது கைக்கு எட்டுகிறதோ அது போதும். விழுங்கும் தெம்பு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நக்கவிடலாம். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். விரல் நுனியில் தொட்டு ஈறிலும் உதட்டின் உள்பக்கத்திலும் தடவினால் போதும். வலிப்பில் தாடை இறுகியிருக்கும்போது பற்களுக்கு இடையே விரலை விடாதீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் உங்கள் உடம்போடு அணைத்துச் சூடாக்குங்கள். வெந்நீர்ப் பையானால் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெல்லிய தோல் வெந்துவிடும். குட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. சர்க்கரை ஏறிய வேகத்தில் இறங்கிவிடும். அதனால் தெளிந்தவுடன் மசித்த கோழியோ ஊறவைத்த குட்டி உணவோ சிறிது கொடுத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்து, பத்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை தடவிக்கொண்டே கிளம்பிவிடுங்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார்கள், அது நம் கையில் இல்லாத வைத்தியம்.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவசரத்தில் சர்க்கரை டப்பாவுக்குப் பதில் 'சுகர் ஃப்ரீ' டப்பாவை எடுத்துவிடாதீர்கள். இனிப்பு மட்டுமே இருக்கும், சத்து இருக்காது. சர்க்கரையில்லாத சூயிங் கம் போன்றவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் இன்னும் மோசம். மனிதருக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள் நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்டச் செய்து, இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். நாயின் ரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பாலும் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது; மனித ரத்தத்துக்காகச் செய்த கருவி, நாய்க்கு உண்மையான அளவைவிடக் குறைத்தே காட்டுவது வழக்கம். குட்டி தள்ளாடுகிறதென்றால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இனி, இது ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். தாயை விட்டு வந்த கலக்கம், பயண அலுப்பு, பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சியதில் தப்பிய சாப்பாடு, ஏசி அறையின் டைல்ஸ் தரை, வயிற்றில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும். இதில் ஒன்றே போதும், நம் வீடுகளில் நாலைந்து சேர்ந்தே வருகின்றன. பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுப்பது இன்னொரு தொல்லை. பால் குடி மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் பல சமயம் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், உள்ளே போனதும் வெளியே போய்விடும். புரதமும் கொழுப்பும் உள்ள குட்டி உணவை மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுப்பதுதான் சரி. இரவு கடைசி வேளை 11 மணிக்கு, காலை முதல் வேளை 5 மணிக்கு என்று வைத்துக்கொண்டால் இடைவெளி ஆறு மணி நேரத்தைத் தாண்டாது. முன்ஜாக்கிரதை என்று நாள் முழுக்கத் தேனை நக்கக் கொடுப்பவர்களும் உண்டு. அது இன்சுலினைத் தூண்டித் தூண்டி நிலைமையைக் கெடுக்கும். தேன் அவசரத்துக்கு மட்டும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடை ஏறாத நாள் வந்தால் கவனம் தேவை, குறைந்த நாளில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் சேர்ந்திருந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அங்கே குளுக்கோஸ் தடவுவது வழித்துணைக்கு மட்டுமே.

என் கோபமெல்லாம் விற்கும் இடத்தின் மீதுதான். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. ஆனால் சின்னதாக இருந்தால்தான் விலை போகும் என்று ஐந்து, ஆறு வாரக் குட்டிகளைத் தள்ளிவிடுகிறார்கள். 'டீ கப் பப்பி' என்று ஒரு தனி இனமே கிடையாது. கூட்டத்திலேயே வளர்ச்சி குன்றிய குட்டிக்கு வைத்த விற்பனைப் பெயர் அது. அதிக விலை கொடுத்து அதிக ஆபத்தை வாங்குகிறோம். பிறந்த தேதி என்ன, என்ன சாப்பிடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, புழு மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் ஒரு வேளை சாப்பிட வைக்கச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள்.

நாலு மாதம் தாண்டி, தசை பிடித்து, கல்லீரல் தேறிவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இந்தக் கண்டத்தைக் கடந்துவிடும். அதன் பிறகும், நேரத்துக்குச் சாப்பிட்டும், மறுபடி மறுபடி தள்ளாட்டம் வந்தால் சாப்பாட்டு நேரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு; யார்க்‌ஷயர் டெரியருக்கும் மால்டீஸுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதல். பித்த அமிலப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். பல சமயம் அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடிகிற கோளாறு அது.