ரப்பர் கப்ளிங்கால் ஆகாதது

விசைப்படகு அதிர்கிறது என்று சொன்னால் உடனே வரும் யோசனை, கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு ஃப்ளெக்சிபிள் கப்ளிங் போடுங்கள் என்பதுதான். கூடவே இரண்டு உறுதிமொழிகளும் வரும். அதைப் போட்டுவிட்டால் அலைன்மென்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அதுவே வாங்கிக்கொள்ளும் என்பது ஒன்று. பலன் இல்லாவிட்டாலும் போட்டதால் நட்டமில்லை என்பது மற்றொன்று. மூன்றையும் நான் மறுக்கிறேன். இவற்றில் அலைன்மென்டைப் பற்றிய பேச்சுதான் படகுக்காரரின் பணத்தை அதிகம் தின்பது.

கப்ளிங் செய்யும் வேலையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு இரும்பு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவில் ரப்பரோ பாலியூரித்தேனோ இருக்கிறது. கியர் விழும்போது வரும் அடியை அது மென்மையாக்கும். இன்ஜினின் முறுக்கத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். இரும்பு வழியாக ஷாஃப்டில் பரவும் இரைச்சலையும் குறைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் படகு அதிர்வதற்கான காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் 1,800 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, கியர்பாக்ஸ் விகிதம் 3:1 என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆதலால் நொடிக்கு 90 முறை எரிப்பு நடக்கிறது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 600 சுற்று, நொடிக்கு 10. புரொப்பெல்லருக்கு நான்கு இலை என்றால் நொடிக்கு 40 முறை ஓர் இலை படகின் அடிப்பகுதியைக் கடந்து தண்ணீரைத் தள்ளுகிறது. ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, ஓர் இலை மட்டும் பாறையில் தட்டி மடங்கியிருந்தாலோ, நொடிக்குப் பத்து என்ற கனமான குலுக்கல் வரும். ஸ்டெர்ன் டியூப் பேரிங் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் உள்ளேயே தடதடக்கும். இவை எல்லாம் கப்ளிங்குக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கம் பிறப்பவை. பின்னாலிருந்து நேராகப் படகின் உடம்புக்குள் போகும் அதிர்வை முன்னால் இருக்கும் ரப்பர் எப்படித் தடுக்கும்?

இன்ஜின் பக்கம் பிறக்கும் அதிர்வுக்கும் இதே கேள்விதான். இன்ஜினைப் பெட்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் படகில் அதிர்வு கீழே பெட் வழியாகத்தான் இறங்குகிறது. பெருவழி அங்கே திறந்து கிடக்க, ஷாஃப்ட் என்னும் சந்தை மட்டும் அடைத்துப் பயனில்லை. ரப்பர் மவுண்ட் உள்ள படகிலும் மவுண்டின் நிலையைப் பார்க்க வேண்டும். டீசல் ஊறிய ரப்பர் உப்பிப்போய் வலுவிழந்துவிடும். புது மவுண்டாகவே இருந்தாலும், தன் இயல்பு அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் வருவதைத்தான் அது குறைக்கும். அந்த எண்ணை ஒட்டி வருவதைப் பெருக்கிவிடும். ஐட்லிங்கில் ஆடும் இன்ஜின் வேகம் பிடித்ததும் அடங்குவது இதனால்தான்.

ஆகவே கடைக்குப் போகும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை மெல்ல ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் இன்ஜெக்டர், மவுண்ட், பெட் போல்ட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். கியர் போட்ட பிறகுதான் அதிர்கிறது என்றால் ஷாஃப்ட், பேரிங், புரொப்பெல்லர், அதில் சுற்றிய வலைத்துண்டு, இல்லையென்றால் அலைன்மென்ட்.

அந்த அலைன்மென்டுக்கு வருவோம். நான்கு அங்குல ஃபிளாஞ்சின் இரு முகங்களுக்கு நடுவில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஷாஃப்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் ஷாஃப்டோ ஃபிளாஞ்சோ வளைந்திருக்கிறது. அதே இடத்தில் நின்றால் இன்ஜினைத்தான் நகர்த்த வேண்டும். ஃப்ளெக்சிபிள் கப்ளிங் போட்டாலும் இந்த வேலை குறைவதில்லை. ரப்பர் நடுவில் இருக்கும்போது அளந்தால் அது அமுங்கிக்கொடுத்துப் பிழையை மறைத்துவிடும். ஆகவே இரும்பு முகங்களைத்தான் அளக்க வேண்டும்.

பிழையோடு ஓட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. 600 சுற்றில் மணிக்கு 36,000 முறை. உள்ளே சூடேறி வெடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் ஒற்றை ரப்பர் வட்டு, கோணம் சற்று விலகியிருந்தால்தான் ஓரளவு பொறுக்கும். இரண்டு அச்சும் இணையாக, ஆனால் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் அதைச் சமாளிக்க இரண்டு மூட்டுகள் வேண்டும். ஒற்றை வட்டு தாங்காத பாரம் கியர்பாக்ஸின் பின்பக்கப் பேரிங் மேலும் ஆயில் சீல் மேலும் விழுகிறது.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பதும் அப்போதுதான். கட்டைகளின் மேல் நிற்கும் படகின் வடிவம் வேறு, தண்ணீர் தாங்கும் படகின் வடிவம் வேறு. மரப்படகில் இது இன்னும் அதிகம். டீசலும் ஐஸும் ஏறினால் மறுபடி மாறும். கரையில் பார்த்த அலைன்மென்ட் தொடக்கம் மட்டுமே. கடலில் இறக்கி ஒரு நாளாவது மிதக்கவிட்டு, வழக்கமான பாரத்தோடு மீண்டும் பார்க்க வேண்டும். முதல் நாளே தொழிலுக்குப் போகும் அவசரம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

போட்டால் நட்டமில்லை என்ற பேச்சும் நிற்காது. கப்ளிங்கின் தடிமன் அளவுக்கு ஷாஃப்ட் பின்னால் தள்ளப்படும். புரொப்பெல்லர் பேரிங்கை விட்டு அதிகம் நீண்டால் அதிர்வு கூடும்; சுக்கானோடு இருக்க வேண்டிய இடைவெளியும் குறையும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாததால் ஷாஃப்டுக்கும் இன்ஜினுக்கும் இருந்த தொடர்பு அறுபடுகிறது. துத்தநாகக் கட்டிகளின் பாதுகாப்பு அந்தத் தொடர்பை நம்பியிருந்தால், கப்ளிங்கின் குறுக்கே ஒரு செம்புப் பட்டை இணைத்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும்விட, ரிவர்ஸில் ரப்பர் கிழிந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். இரும்போடு இரும்பு பிடித்துக்கொள்ளும் அமைப்பு உள்ள கப்ளிங்கை மட்டுமே வாங்குங்கள். படகுக்கு உள்ளே, கிளாண்டுக்கு முன்னால் ஷாஃப்டின் மேல் ஒரு கிளாம்பையும் இறுக்கி வையுங்கள். கப்ளிங் விட்டுப்போனாலும் ஷாஃப்ட் குழாயை விட்டு வெளியேறித் தண்ணீருக்கு வழி திறக்காமல் அது நிறுத்தும்.