நோன்புக் கஞ்சியும் காகிதக் குவளையும்

ரமழானில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கான வரிசை தொடங்கிவிடும். ஒரு தலைமுறைக்கு முன் அவ்வரிசையில் நின்ற பிள்ளைகளின் கைகளில் தூக்குவாளிகள் இருந்தன. உள்ளே நோன்பு திறப்போருக்காகக் கழுவி அடுக்கிய கோப்பைகள் காத்திருந்தன. இன்று காகிதக் குவளைகளும் நெகிழிப் பைகளும் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கழுவும் சிரமம் நீங்கியதென்று நாமும் மனநிறைவு கொண்டோம். அந்த நிறைவு சரிதானா என்பதை, அடுத்த ரமழான் வருமுன் நாம் சிந்தித்தாக வேண்டும்.

காகிதக் குவளை முழுவதும் காகிதமன்று. நீர் கசியாதிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம், பெரும்பாலும் பாலிஎத்திலின், பூசப்பட்டிருக்கும். காரக்பூர் ஐஐடியில் பேராசிரியை சுதா கோயலும் அவருடைய மாணவர்களும் 2020இல் இதனை ஆராய்ந்தனர். 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள 100 மில்லிலிட்டர் நீர், அத்தகைய குவளையில் 15 நிமிடம் இருந்தபோது, ஏறத்தாழ 25,000 நெகிழி நுண்துகள்கள் அதில் கலந்திருந்தன. பாங்கொலிக்கு வெகுநேரம் முன்பே கொதிக்கும் கஞ்சியை ஊற்றி அடுக்கி வைப்பது நம் வழக்கம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்ற ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆயினும் 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை பெற்ற 257 பேரில் 150 பேரின் கொழுப்புப் படிவில் பாலிஎத்திலின் காணப்பட்டது. நெகிழித் துகள் இருந்தோருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து பிறரைவிட நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. எனினும் எச்சரிக்கைக்கு இதுவே போதுமானது.

குப்பையான பின் நெகிழியைப் பயன்படுத்த வழியில்லையா? மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் ஒரு வழி கண்டார். நறுக்கிய நெகிழியைச் சூடான ஜல்லியின்மீது பூசி, தாருடன் கலந்து சாலையிடும் முறை அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் கஞ்சி ஒட்டிய குவளையில் காகிதத்தையும் படலத்தையும் எளிதில் பிரிக்க இயலாது. அது குப்பைமேட்டுக்கே போகிறது.

1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்னும் வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்கு வகுத்த 12 கோட்பாடுகளில் முதலாவது, கழிவை உண்டாக்கிவிட்டு அகற்றுவதைவிட உண்டாகாமலே தடுப்பது மேல் என்பதாகும். நமக்கு இது புதிய பாடமன்று. பாதையில் கிடக்கும் தீங்கு தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். அகற்றுவதே ஈமானின் கிளையென்றால், அதைப் போடாமலிருப்பது அதற்கும் முந்திய கடமையன்றோ!

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் உளியிலிருந்து உதிரும் மரச்சீவல் மண்ணோடு மட்கிவிடுகிறது. நாம் வீசும் குவளையிலோ காகிதம் மட்கிய பின்னும் படலம் எஞ்சி, துகள்துகளாகி, மழைநீரோடு ஏரிக்குச் செல்கிறது. அந்த ஏரிநீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அண்டை வீட்டாருக்கும் கால்நடைக்கும் வயலுக்கும் அதில் பங்குண்டு.

நெகிழி பூசிய காகிதக் குவளைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. நாட்டின் சட்டம் விலக்கியதை அல்லாஹ்வின் இல்லத்தில் பரிமாறுவது நமக்கு அழகன்று.

யார் கழுவுவது என்ற கேள்வி நியாயமானதே. அச்சுமையைப் பள்ளிவாசல் பணியாளர் ஒருவர்மீது ஏற்றுவது தகாது. தெருவுக்கு ஒரு நாள் என இளைஞர்கள் முறை வகுத்துக்கொள்ளலாம். வசதியுள்ளோர் எவர்சில்வர் கோப்பைகளை ஸதகத்துல் ஜாரியாவாக வாங்கி வைக்கலாம். அவற்றில் நோன்பு திறக்கும் ஒவ்வொருவரின் பொருட்டும் நன்மை தொடரும். வீட்டுக்குக் கஞ்சி வாங்கச் செல்லும் பிள்ளையின் கையில் மீண்டும் தூக்குவாளியைக் கொடுப்போம்.

பிறருக்கும் பூமிக்கும் தீங்கிழைக்காத நோன்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.