எங்கே போகணும் என்று நாம் கேட்கவில்லை

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பிறந்து வெளியூரில் பிழைக்கிறவர்கள் நாம். சென்னையோ சிங்கப்பூரோ நியூ ஜெர்சியோ, ஊரில் தனியாக இருக்கும் அப்பாவைப் பற்றி யாராவது விசாரித்தால் நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அவருக்கு ஒரு குறையும் இல்லை." சமையலுக்கு ஆள் போட்டிருக்கிறோம். மாத்திரை வீடு தேடி வருகிறது. வாசலில் கேமரா இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். இவ்வளவும் செய்த நாம் இரண்டு கேள்விகளை மட்டும் அவரிடம் கேட்கவே இல்லை. உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது? இன்னும் எங்கே போய்வர ஆசை? இது ஒருவர் செய்த தவறு அல்ல. நம் தலைமுறை முழுவதும் சேர்ந்து செய்த புறக்கணிப்பு. ஆகவே சேர்ந்தே ஒப்புக்கொள்வோம்.

பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிக்கச் சொல்லி 2007இல் ஒரு சட்டம் வந்தது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவை பராமரிப்பில் அடங்கும் என்று அது சொல்கிறது. சட்டம் அதற்கு மேல் சொல்ல முடியாது; பெற்ற மகனையும் மகளையும் தீர்ப்பாயத்தில் நிறுத்திக் கேட்கக்கூடியது அவ்வளவுதான். சட்டத்தின் பிடிக்கு வெளியே இருக்கும் நாமும் அந்த நான்கோடு நின்றுவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

இப்படி நான்கோடு நின்றுவிடுவது நம் ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது. முதியவர் ஒருவரின் ஞாபகத்தை நம்பித் தன் பெருமாளையே அடையாளம் கண்ட ஊர் இது. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, பிள்ளை லோகாச்சாரியார் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். அப்போது அவர் நூறு வயதைக் கடந்தவர் என்பது மரபு. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியிலேயே அவர் காலம் முடிந்தது. பெருமாள் மட்டும் ஊர் ஊராகப் போனார். மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று சுற்றி 1371இல் திரும்பினார். நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. அதற்குள் இங்கே வேறொரு உற்சவரை எழுந்தருளச் செய்து வழிபாடு நடந்துவந்தது. யார் பழையவர் என்று சொல்ல ஆள் இல்லை. கடைசியில், கண் தெரியாத ஒரு முதிய சலவைத் தொழிலாளியைத் தேடிப் பிடித்தார்கள். பெருமாள் உடுத்திய ஈர ஆடையைத் துவைத்தவர் அவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவர் கையில் கொடுத்தார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இவரே நம் பெருமாள் என்றாராம். நம்பெருமாள் என்ற பெயர் அன்று முதல் நிலைத்தது.

கதையைக் கோயில் மரபு அப்படித்தான் சொல்கிறது. அர்ச்சகர், அறங்காவலர், பெருமாளை மீட்டு வந்த தளபதி எல்லோரும் நிற்கும் சபையில், பதவி ஏதும் இல்லாத ஒரு கிழவரை அழைத்து, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்டதால் அவர் சொன்னார். ராப்பத்துக்கும் பகல்பத்துக்கும் ஊருக்கு ஓடிவருகிற நாம், இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிற நாம், நம் வீட்டுப் பெரியவரை அப்படி ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டதுண்டா?

இன்று எண்பதைத் தொட்டவருக்கு 1964இல் இருபதை ஒட்டிய வயது. அந்த டிசம்பர்வரை போட் மெயில் திருச்சி வழியாக தனுஷ்கோடிக்குப் போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை, ஒரு பயணிகள் ரயிலோடு சேர்த்து, விழுங்கியது. திருச்சி ஜங்ஷனில் அந்த வண்டிக்குப் பெட்டி தூக்கியவர்கள், வழியனுப்பப் போனவர்கள், இலங்கைச் சொந்தங்களை அந்த வண்டியில் வரவேற்றவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். 1974 மே மாதம் நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். 8ஆம் தேதி தொடங்கி 27ஆம் தேதி கைவிடப்பட்டது. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு அந்த மே மாதம் எப்படிக் கழிந்தது? அடுப்பு எரிந்ததா, யார் கடன் கொடுத்தார்கள், போலீஸுக்குப் பயந்து யார் எந்தக் கொல்லையில் படுத்தார்கள் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். 1946 செப்டம்பர் 5இல் அதே பொன்மலையில் சுடப்பட்டு இறந்த ஐந்து தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். அன்று கூட்டத்தில் நின்றவர்களைக் கேட்டு எழுதிவைக்க நமக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தது. அதில் பெரும்பகுதியை வீணாக்கினோம்.

1977 நவம்பர் வெள்ளமும் அப்படித்தான். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் திருச்சிக்குள் புகுந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று அப்பா சுவரில் கைவைத்துக் காட்ட ஆரம்பித்தால், நாம் கைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறோம். பத்து தடவை கேட்டாயிற்று என்கிறோம். பத்து தடவை அவர் தொடங்கினார். நாம் ஒரு தடவைகூட முடிவுவரை இருந்ததில்லை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழில் பெரிய சாட்சி இருக்கிறது. உ.வே.சாமிநாதையரிடம் ஆனந்த விகடன் கேட்டது. 1940இல் 'என் சரித்திரம்' அதில் தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்தை ஒட்டிய வயது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. பத்து ஆண்டு முன்பே யாராவது வற்புறுத்தியிருந்தால் மீதியும் நமக்குக் கிடைத்திருக்கும். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தத் திருச்சிச் சீமையில் 1815இல் பிறந்து, மலைக்கோட்டை நிழலில் பாடம் கேட்டும் பாடம் சொல்லியும் வளர்ந்தவர். அந்த வாழ்க்கை நமக்குத் தெரிவது, மாணவர் அதைத் தேடித் தேடி விசாரித்து எழுதிவைத்ததால். சென்ற நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கம் எப்படி இருந்தது என்பதும், பாட்டி வீட்டில் வளர்ந்த ஒரு பையன் பிற்பாடு சுஜாதாவாகி எழுதியதால் தெரிகிறது. அதே சுஜாதா 'அப்பா, அன்புள்ள அப்பா' என்றும் எழுதினார். அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். துடைத்த கையோடு ஊருக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் சொல்லுங்கள் அப்பா, நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு.

பயணத்துக்கு வருவோம். இதில்தான் நம் குற்றம் கனமானது.

அப்பா பயணமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நம் மனைவிக்கோ மகளுக்கோ பிரசவம் என்றால் அம்மாவும் அவரும் விமானம் ஏறினார்கள். ஆறு மாதம் அந்நிய தேசத்தில், குளிரில், கார் ஓட்டத் தெரியாமல், பேரனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றார்கள். புது வீட்டுக்கு மாறும்போது வந்தார்கள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவர ஆள் இல்லை என்றபோது வந்தார்கள். ஒவ்வொரு டிக்கெட்டையும் நாம்தான் எடுத்தோம், நமக்குத் தேவைப்பட்ட தேதியில். திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்தபோது நாம் மகிழ்ந்தது, நாம் வந்து போவது சுலபமாகும் என்றுதான். அவர் போக விரும்பிய இடத்துக்கு, அவர் சொன்ன தேதியில், நாம் எடுத்த டிக்கெட் எத்தனை?

அவர் கேட்டது பெரிதாக எதுவும் இல்லை. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் முதலாவது ஸ்ரீரங்கம். அங்கேயே குடியிருப்பவருக்கு மற்றதையும் சேவிக்க வேண்டும் என்பது ஆயுள் ஆசை. பத்ரி, முக்திநாத் எல்லாம் இனி முடியாது என்று அவரே விட்டுவிட்டார். உறையூர் நாச்சியார் கோயில், உத்தமர்கோயில், திருவெள்ளறை, அன்பில், கோவிலடி எல்லாம் காரில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரம். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். திருவெள்ளறையில் படி உயரம். இருபுறமும் கை கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேராக நாமும் நம் பிள்ளையும் இருந்திருக்கலாம். பங்குனியில் நம்பெருமாளே காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுகிறார். நாம் அப்பாவை அழைத்துப் போகவில்லை.

வேறு சிலருக்கு ஆசை வேறு மாதிரி. முதன்முதலில் வேலையில் சேர்ந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும். கூட வேலை பார்த்த நண்பர் உயிரோடு இருக்கிறாரா என்று விழுப்புரத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய் விசாரிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும். அதற்காக ரயில் நேரத்தையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைத்திருப்பார்கள். எந்த வண்டி ஸ்ரீரங்கத்தில் நிற்கும், எதற்கு ஜங்ஷன் போக வேண்டும் என்பதுவரை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்கு பாஸ் உண்டு. பல வீடுகளில் அது எழுதி வாங்கப்படாமலே வருஷம் முடிகிறது. தனியாக அனுப்ப நமக்குப் பயம். கூடப் போக நமக்கு லீவு இல்லை.

பயம் பொய்யில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எண்பது வயதில் எழுந்திருப்பது கஷ்டம். ராத்திரி ரயிலில் கழிப்பறைக்குப் போவதே பலருக்குச் சோதனை. ஆனால் அந்தப் பயத்தை அவரோடு உட்கார்ந்து பேசி, பகல் வண்டியா, கீழ் பெர்த்தா, நடுவில் ஒரு நாள் தங்குவதா என்று சேர்ந்து முடிவு செய்திருக்கலாம். நாம் செய்தது, "இந்த வயசில் எதுக்குப்பா?" என்று கேட்டு வாயை அடைத்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சை எடுக்கவில்லை. ஆசை போய்விட்டது என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வெளியிலும் நாம் அவருக்காக வாய் திறக்கவில்லை. ரயில் கட்டணத்தில் அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதைக் கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்து ஆண்டுகள் போயும் அது திரும்பவில்லை. நம் சம்பளத்துக்கு அந்தத் தொகை பெரிதில்லை என்பதால் நாம் கவனிக்கவே இல்லை. பென்ஷனில் கணக்குப் பார்த்து, மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, டிக்கெட் எடுக்காமல் விட்டவருக்குத்தான் அது பெரிது. மகனைக் கேட்காமல் கிளம்பக்கூடிய சுதந்திரம் அந்தச் சலுகையில் இருந்தது.

அறநிலையத் துறை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு மூத்தவர்களை இலவசமாக அழைத்துப் போகிறது. முதலில் 200 பேர், பிறகு 300, 2024-25இல் 420 என்று எண்ணிக்கை கூடியது நல்ல காரியம். வயது வரம்பு 60 முதல் 70. உடல் தாங்க வேண்டுமே என்ற அக்கறை புரிகிறது. ஆனால் எழுபத்தைந்து வயதில் திடமாக நடக்கிற எத்தனையோ பேரை உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தினமும் பார்க்கிறோம். மருத்துவர் சான்று கொடுத்தால் அவர்களையும் சேர்க்கலாமே என்று நாம் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அதற்குப் பிறகு விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தின் போக்குவரத்து ஆசையை அரசிடம் எடுத்துச் சொல்ல அவர்கள் பெற்ற பிள்ளைகளே இல்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்?

அப்பா போன பிறகு நாம் காசிக்குப் போகிறோம். அஸ்தியை எடுத்துக்கொண்டு, வேண்டிய லீவு போட்டு, குடும்பத்தோடு போகிறோம். ஊருக்கு வந்தால் அம்மா மண்டபத்தில் வருஷத் திதி கொடுக்கிறோம். அந்த லீவு அவர் இருந்தபோது ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது. இருந்தபோது அழைத்துப் போகாதது தவறு. அதைத் திதியால் சரிக்கட்ட முடியாது.

அப்பாவை இழந்தவர்கள் அவருக்காக இனி செய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்கிறார், மாமா இருக்கிறார், அவரைக் கேட்கலாம். அப்பா இருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டு வைத்துவிட வேண்டாம். எங்கே போகணும், எப்போது போகலாம் என்று கேளுங்கள். முதலில் எதுக்குப்பா என்பார். இரண்டாவது தடவையும் கேளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அவர் சொல்லும் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுங்கள், அவருக்குக் கீழ் பெர்த், கூடப் போக உங்களுக்கு ஒன்று. வழியில் அவர் பேசட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.