எலி வேட்டையும் கூட்டு முயற்சியும்

நமது சங்கங்களின் ஆண்டுக் கணக்கைப் பொறுமையுடன் படிக்கும் அங்கத்தினர் எவரும், 'சேதம்', 'கழிவு' என்னும் தலைப்புகளின் கீழ் ஒரு தொகை எழுதித் தள்ளப்படுவதைக் கண்டிருப்பர். நெல் கிடங்கில் மூட்டை கடிபட்டது, நூல் கிடங்கில் சிட்டம் அறுபட்டது, கஞ்சி போட்டு உலர்த்திய பாவு ஓர் இரவில் பாழானது ஆகிய யாவும் அத்தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மகாசபையில் இதைப்பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. மழையையும் வெயிலையும் போல எலியும் தெய்வச் செயல் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம் போலும். இந்த மனப்பான்மை தவறானது என்பதும், எலியை அடக்குதல் தனி மனிதனால் ஆகாத, சங்கத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் என்பதும் நம் துணிபு.

மேல்நாடுகளில் எலி பிடிக்கவென்றே ஒரு பிராணியைப் பழக்கி வைத்திருக்கிறார்கள், அதை இங்கும் வரவழைத்தால் என்ன என்று அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. அப்பிராணிக்குப் 'பெரெட்' என்று பெயர். நம் காவிரியில் வாழும் நீர்நாய் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது அது. மெலிந்து நீண்ட உடலுடையதாதலால் வளைக்குள் எளிதாக நுழையும். முயல்களையும் எலிகளையும் வெளியே விரட்டும். வாயிலில் வலையோ வேட்டை நாயோ காத்திருந்து அவற்றைப் பிடிக்கும். ஐரோப்பியக் குடியானவர்கள் நெடுங்காலமாக இதனை வளர்த்து வருகின்றனர். ஆயினும் இதன் முதன்மையான வேலை முயல் வேட்டையே. வளைக்குள் மூலையில் சிக்கிய பெரிய எலி திரும்பிக் கடித்தால் இப்பிராணியும் படுகாயம் அடைவதுண்டு.

அயல்நாட்டு விலங்கொன்றைப் புதிய மண்ணில் இறக்கிவிடுவதன் விளைவையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நியூசிலாந்தில் முயல்களின் தொல்லையை ஒழிக்க 1880-களில் பெரெட்டுகளை அவிழ்த்துவிட்டனர். அவை தரையில் கூடு கட்டும் அந்நாட்டுப் பறவைகளைத் தின்னத் தலைப்பட்டன. முடிவில், 2002-ஆம் ஆண்டு அப்பிராணியை விற்பதும் இனம்பெருக்குவதும் அங்கே சட்ட விரோதமாக்கப்பட்டன. இதனினும் நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1872-இல் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிக்க நம் நாட்டுக் கீரிகளைக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினர். தொடக்கத்தில் பயன் கிட்டியது. பின்னர் கீரிகள் கோழிகளையும் பறவைகளையும் பிடிக்கத் தொடங்கின. எலி இரவில் திரிவது. கீரியோ பகலில் இரை தேடுவது. இவ்விரண்டும் சந்திக்கும் வேளை குறைவு என்பதை அத்தீவினர் பொருள் கொடுத்துக் கற்றனர். 1883-இல் ஹவாய்த் தீவுகளும் இதே பாடத்தைக் கற்றன.

அப்படியாயின் நம் ஊரிலேயே இருக்கும் கீரியைப் பழக்கலாகாதா என்று கேட்கக்கூடும். ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். சாரைப்பாம்பும் அச்சட்டத்தின் காவலைப் பெற்றதே. அவற்றை அவற்றின் போக்கில் வயலில் விட்டுவைப்பதே நாம் செய்யத்தக்க உதவி.

நாம் தேடும் திறமை வேறெங்கும் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர் மக்கள் எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் நிகரற்றவர்கள். வளை வாயிலில் கிடக்கும் மண்ணின் ஈரத்தைக் கண்டே எலி உள்ளே இருக்கிறதா, இல்லையா என்று சொல்வர். மற்ற வாயில்களை அடைத்துவிட்டு ஒரு வாயிலில் புகையூட்டி, வளையைத் தோண்டி எலியைக் கையால் எடுப்பர். அது சேர்த்து வைத்த நெற்கதிர்களும் அவர்கள் கையில் கிட்டும். 1972-இன் சட்டமும், அதன்பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இம்மக்களின் பிழைப்பைப் பறித்தபோது, 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்து, விஷமுறிவு மருந்து செய்வோருக்கு விற்கும் சங்கம் அது. 2023-இல் இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. ஊரார் இழிவாகக் கருதிய ஒரு கைத்திறன், சங்கமாகத் திரண்டபோது நாட்டுக்கே உயிர்காக்கும் தொழிலாயிற்று. கூட்டுறவாளராகிய நாம் இதனை மறத்தல் ஆகாது.

காவிரிப் பாசனப் பகுதியின் கருவி கிட்டி. தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைத் துறையினர் இதனைக் குறிப்பிடுவர். வளைத்த மூங்கில் வில், ஒரு கயிறு, சிறிது இரை, இவ்வளவே இதன் உறுப்புகள். மாலையில் வரப்போரம் வைத்து, விடியலில் எடுக்க வேண்டியது. இதில் நஞ்சில்லை, நாயோ கோழியோ இறப்பதில்லை, பிடிபட்டதை எண்ணிக் கணக்குக் காட்டலாம். கிட்டி வைப்போருக்கு எலிக்கு இவ்வளவு என்று கூலி தருவதே வழக்கம்.

கருவியும் கைத்திறனும் இருக்க, எலி ஏன் குறையவில்லை? நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே, காலம் தவறி வேட்டையாடுகிறோம் என்பதே இதற்கு விடை. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது பழமொழி. வயலில் பெருங்கேடு செய்யும் கரம்பை எலி உண்மையிலேயே வளைக்கு ஒன்றாகத் தனித்து வாழ்வதுதான். ஒரு வயலில் உள்ளவற்றைப் பிடித்துவிட்டால், காலியான வளைக்கு அடுத்த வயலின் எலி குடிவந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஈற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குட்டிகள். கதிர் பிடிக்கும் பருவத்தில் எலி மிகுதியாக ஈனும். பயிர் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டபின் கிட்டிக்காரரைத் தேடி ஓடுவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதை ஒக்கும்.

முக்கொம்பைச் சுற்றியுள்ள நிலங்களில் இக்கேடு இரட்டிப்பாகிறது. ஜீயபுரம், அந்தநல்லூர், திருப்பராய்த்துறை முதலிய ஊர்களில் நெல்லும் வாழையும் கரும்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. நெல் அறுவடையானதும் எலி பட்டினி கிடப்பதில்லை. பக்கத்துக் கரும்புக் கொல்லைக்கும் வாழைத் தோட்டத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் போய்த் தங்கி, அடுத்த நாற்று நடவானதும் திரும்பிவிடுகிறது. நெல் பயிரிடுவோர் மட்டும் கூடி வேட்டையாடினால், வாழைக்காரரின் தோட்டத்தில் எலிக்குச் சத்திரம் திறந்தே இருக்கும். வாத்தலையில் தலைப்பெடுக்கும் புள்ளம்பாடி, பெருவளை வாய்க்கால்களின் பாசனத்திலும் நிலை இதுவே. வரப்பைத் துளைத்து இரவில் நீரை ஒழுகவிட்டு, மறுநாள் இரு பங்காளிகளிடையே சச்சரவு மூட்டுவதும் இந்த எலியே.

நஞ்சு வைத்தால் போதாதா என்பார் உளர். துத்தநாகப் பாஸ்பைடைக் குறைவாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. ஆகவேதான் முதல் சில நாள் நஞ்சில்லாத இரை வைத்துப் பழக்க வேண்டும் என்கின்றனர் நூலோர். அதனை முறையாகச் செய்வோர் நம்மில் எத்தனை பேர்? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையோ மனிதரின் கல்லீரலை அழிப்பது. அதற்கு முறிவு மருந்து இல்லை. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. அதனை வீட்டில் வைத்திருப்பவர், மனம் நொந்த ஒரு வேளையில் தம் குடும்பத்தார் கைக்கு எட்டும் இடத்தில் யமனை வைத்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் மடிகிறது.

ஆந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூகை எனப்படும் வெண்ணிற முகமுள்ள ஆந்தை எலியையே தன் முதல் உணவாகக் கொண்டது. இஸ்ரேல் நாட்டின் கூட்டுப் பண்ணை ஒன்றில் 1980-களில் இப்பறவைக்குக் கூட்டுப்பெட்டிகள் வைக்கத் தொடங்கினர். பின்னர் அம்முயற்சி எல்லை தாண்டி ஜோர்டான் நாட்டு உழவரிடமும் பரவியது. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இம்முறை உண்டு. நாமோ கூகையின் குரலைச் சாவின் அறிகுறி எனக் கருதிக் கல்லெறிகிறோம். கூலி கேளாத இந்தக் காவற்காரனுக்கு வயலில் குறுக்குக்கட்டை பொருத்திய கழி ஒன்று நட்டு வைத்தால் போதும். இரவில் வந்து அமர்ந்து தன் வேலையைப் பார்க்கும்.

இனி, சங்கங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். முதலாவது, காலம். மேட்டூர் அணை திறக்கப்படும் நாள் வழக்கத்தில் ஜூன் 12. நீர்வரத்தைப் பொறுத்து முன்பின்னாகும். அதற்கு முந்திய கோடையில் வயல் வறண்டு, எலி சில வரப்புகளிலும் கரைகளிலும் ஒடுங்கியிருக்கும். அப்போது பிடிக்கும் ஓர் எலி, ஐப்பசியில் பிடிக்கும் பலவற்றுக்குச் சமம். ஒரு வாய்க்காலின் பாசனம் முழுவதும், நெல், வாழை, கரும்பு என்ற பேதமின்றி, ஒரே வாரத்தில் வேட்டை நடைபெறல் வேண்டும். அவ்வாரத்திலேயே அகன்ற வரப்புகளை வெட்டிக் குறுக்கிவிடுவது நல்லது. ஒன்றரை அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள வரப்பில் எலிக்கு வளை தோண்ட இடம் குறைவு.

இரண்டாவது, கூலி. எலி பிடிப்போரை அவசரத்துக்கு அழைத்து, பேரம் பேசி, களத்து மேட்டில் நிற்க வைத்துச் சில்லறை கொடுத்தனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். சங்கமே அவர்களுடன் பருவத்துக்கென ஒப்பந்தம் செய்து, முன்பணம் கொடுத்து, ஏக்கர் விகிதத்தில் அங்கத்தினரிடம் வசூலித்துக்கொள்ளலாம். எலிக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி வைத்தால், நன்றாக வேலை செய்து எலியைக் குறைத்தவர் அடுத்த ஆண்டு வருமானம் இழப்பார். ஆகையால் நாட்கூலியும் எண்ணிக்கைக் கூலியும் கலந்திருப்பதே நியாயம். தோண்டியெடுத்த நெல் தோண்டியவருக்கே என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, அவர்களுடைய உயிர். பானையில் வைக்கோலை எரித்து வாயால் ஊதிப் புகையூட்டுவதால் உதடு வெந்து, கண்ணும் மார்பும் கெடுகின்றன. இதற்கு மாற்றாகக் கையால் சுழற்றும் விசிறி பொருத்திய இரும்புப் புகைக்கலம் ஒன்று இருளருக்கென ஆக்கப்பட்டு, 2003-இல் உலக வங்கியின் போட்டி ஒன்றில் பரிசும் பெற்றது. அத்தகைய கலங்கள் சிலவற்றைச் சங்கம் வாங்கி வைப்பது பெருஞ்செலவன்று. வளையில் பாம்பும் இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலின் வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் பற்றும். காலுறையும் கையுறையும் கொடுப்பதோடு, காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பொறுப்பையும் சங்கம் ஏற்க வேண்டும். சேற்றில் இறங்கும் நம் அங்கத்தினர் யாவருக்கும் இவ்வெச்சரிக்கை உரியதே.

நெசவாளர் சங்கத்தார் இது உழவர் விஷயம் என்று ஒதுங்கிவிட வேண்டா. உறையூரிலும் மணமேட்டிலும் தறியில் ஏறும் பாவுக்கு இடுவது கஞ்சி. எலிக்கு அது சோறு. நூல் கிடங்கின் கதவடியில் தகடு அடித்து, சுண்டுவிரல் நுழையும் சந்தையும் அடைத்து, மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி மேடையின் மேல் அடுக்கினால், எலி வந்த சுவடாவது தெரியும். நூலை அறுத்த எலிக்காக நெசவாளியின் கூலியில் பிடித்தம் செய்யும் இடம் எங்கேனும் இருப்பின், அது கிடங்கைக் காக்காத நிர்வாகத்தின் பிழையை உழைப்பவர் தலையில் சுமத்துவதாகும். அதனை உடனே நிறுத்துக.

முக்கொம்பில் 1830-களில் மேலணை எழுந்தபோது, கொள்ளிடத்துக்கு ஓடிய நீர் காவிரிக்கும் பங்காகக் கிடைத்தது. எந்த ஒரு மிராசுதாரும் தம் வயலோரம் மண் கொட்டி அந்தக் காரியத்தைச் சாதித்திருக்க முடியாது. எலியும் அத்தகைய பொதுக் காரியமே. கூட்டுறவே நாட்டுயர்வு என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் நாம், வரப்பளவில் அதனை மெய்ப்பிக்க வேண்டும். வரும் மகாசபையில் ஒவ்வொரு சங்கமும் 'சேதம்' என எழுதித் தள்ளிய தொகையில் ஒரு பகுதியையேனும் 'எலி வேட்டை' என்று முன்கூட்டியே ஒதுக்குமாறு தீர்மானம் கொண்டுவருக. எலி பிடிப்போரைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்க்க விதி இடந்தருமாயின், அதனையும் அன்றே செய்க. பாசனத்தில் தண்ணீர் வருமுன் இது நிறைவேறினால், அடுத்த தை அறுவடையில் அதன் பயனை அங்கத்தினர் தம் களத்திலேயே அளந்து காண்பர்.