ஐந்து கிராமுக்கு ஐந்து வருடம்



குடு வழக்கில் யார் பிடிபட்டாலும் "சாகும்வரை உள்ளே போடுங்க" என்று எழுதும் சகோதரர்களே, அமெரிக்கா அதை 1986 இலேயே செய்து பார்த்துவிட்டது. 5 கிராம் கிராக் கொக்கேயின் விற்றால் 5 வருடம் கட்டாயச் சிறை. தூள் கொக்கேயின் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள்.

அந்த 100:1 வித்தியாசம் 2010 இல் 18:1 ஆகக் குறைந்தது. 2018 இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் அதைப் பழைய கைதிகளுக்கும் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோரின் தண்டனை குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அதே சட்டம், மூன்றாம் தடவை போதைக் குற்றத்துக்கான கட்டாய ஆயுள் தண்டனையை 25 வருடமாக்கியபோது, ஏற்கெனவே தீர்ப்புப் பெற்றவர்களைச் சேர்க்கவில்லை. 2021 இல் உயர் நீதிமன்றம், 4 கிராமுக்கும் குறைவாக வைத்திருந்தவருக்குக் கிராக் சலுகை இல்லை என்றது. கூட வைத்திருந்தவருக்கு உண்டு!

வினாத்தாளில் பிழை என்று தெரிந்தால், அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு மட்டுமா புள்ளி கொடுப்போம்?

வியாபாரியை விடச் சொல்லவில்லை. கோபத்தில் சட்டம் கேட்காதீர்கள் என்கிறேன். அவர்களுக்குத் திருத்தத் தொடங்கவே 24 வருடம் போனது.