பொறுப்பைச் சுழற்றுவோம், பதிவும் செய்வோம்

வளாக நேர்காணலுக்குப் போகும் நம் மாணவர்களின் தன்விவரக் குறிப்பில் 'என்.சி.சி. – சி சான்றிதழ்' என்ற ஒற்றை வரி கடைசிப் பக்கத்தில்தான் இடம்பெறுகிறது. மூன்றாண்டு உழைப்பை அந்த வரியால் சொல்ல முடியாது. எதிரே அமர்ந்திருப்பவருக்கு அது சீருடையையும் அணிவகுப்பையும் மட்டுமே நினைவூட்டும்.

1948-ல் தனிச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய மாணவர் படையிலிருந்து (என்.சி.சி.) முப்படைகளுக்குச் செல்வோர் சிறு பகுதியினரே. மற்றவர்கள் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் போகிறார்கள். அவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆண்டுப் பயிற்சி முகாமில் குவார்ட்டர் மாஸ்டர் பொறுப்பேற்ற கேடட்டைக் கவனியுங்கள். முதல் நாளே தன் கம்பெனிக்குரிய பொருள்களை எண்ணி வாங்கி, கையெழுத்துப் பெற்று விநியோகிக்கிறார். கடைசி நாள் எல்லாவற்றையும் சரிபார்த்துத் திரும்ப ஒப்படைக்கிறார். ஒரு பக்கெட் குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரவுக் காவல் பட்டியல் போடுபவரோ காய்ச்சல்காரரை விலக்க வேண்டும். நேற்று நின்றவரை இன்றும் நிறுத்தக் கூடாது. தன் வயதுக்காரர்களிடமே வேலை வாங்க வேண்டும். கிடங்குப் பொறுப்பாளரும் ஷிப்ட் சூப்பர்வைசரும் அன்றாடம் செய்வது இதைத்தான். நிறுவனங்கள் தேடும் திறன்களும் இவையே.

ஆனால் பல கல்லூரிகளில் இந்தப் பொறுப்புகள் கணீரென்று கமாண்ட் கொடுக்கும் இரண்டு மூன்று பேரிடமே தங்கிவிடுகின்றன. மற்றவர்கள் மூன்றாண்டும் வரிசையில் நின்றே சான்றிதழ் பெறுகிறார்கள். டிரில், ஆயுதப் பயிற்சி, வரைபட வாசிப்பு ஆகியவற்றைத் தேர்வு அளந்துவிடும். பொறுப்பைச் சுமந்த அனுபவத்தை அளக்க வேண்டியவர்கள் நாம்தான்.

சுதந்திர தின அணிவகுப்புக்குத் தேர்ந்தவர்களையே நிறுத்துவோம், அதில் தவறில்லை. வாராந்திரப் பயிற்சியிலும் முகாமிலும் பொறுப்புகள் எல்லோருக்கும் சுழன்று வரட்டும். தடுமாற்றம் இருக்கும். அதற்கு இடம் தருவதுதான் பயிற்சி.

ஒவ்வொரு முகாம் முடிந்ததும் கேடட் ஒரு பக்கம் எழுதட்டும்: என்ன பொறுப்பு, எத்தனை பேர், எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தேன். என்.சி.சி. அலுவலர் அதைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். நேர்காணலுக்கு முன் வேலைவாய்ப்பு அலுவலர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு மாணவரை வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யைக் கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாக வழங்கப் பரிந்துரைத்தது. அப்படி வழங்கும் கல்லூரிகளில் இந்தப் பதிவை அகமதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

கூச்ச சுபாவமுள்ள மாணவருக்குத்தான் இந்த வாய்ப்பு அதிகம் தேவை. தானாக முன்வந்து கேட்காதவரும் அவர்தான். அடுத்த முகாமுக்குப் பொறுப்புப் பட்டியல் எழுதும்போது, இதுவரை எந்தப் பொறுப்பும் பெறாதவரின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.